கோழி ஆழமாக விதைத்த வருடம்

அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்ப்பாள். மற்ற எல்லோருக்கும் அவள் கோழி.

டிராக்டருக்குப் பின்னால் விதைப்பு இயந்திரத்தை மாட்டிக்கொண்டு, ஊரில் பாதிப் பேர் நிலத்துக்குக் கோதுமை விதைத்துக் கொடுப்பது அவள் தொழில். மற்ற ஓட்டுநர்கள் விதைத்து முடித்ததும் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் ஒரு நடை போய்த் திரும்பியதுமே வண்டியை நிறுத்தி இறங்குவாள். குந்தி உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி, விதை எந்த ஆழத்தில் விழுந்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடுவது போல மண்ணை மூடிவிட்டு எழுந்திருப்பாள். நாலு நடை கழித்து மறுபடியும் இறங்குவாள். அவள் கிளறுகிற வேகத்தைப் பார்த்து வெட்கப்பட்டு நிஜக் கோழிகளெல்லாம் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. நம்பாதவர்கள் பக்கத்து ஊருக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே கோழிகள் அதிகம்.

அவள் கணவர் தையல்காரர். மருந்துக் கடைக்கும் சாவி போடுகிறவர் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் அவர் கடை. ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டும் மேஜை, கீழே விழுந்த ஊசியைத் தேட நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு காந்தம். கோழியின் கால்சட்டைகளை அவரே தைப்பார். முழங்கால் பக்கம் மூன்று அடுக்குத் துணி வைப்பார்.

"ஊர்ல எல்லாருக்கும் உட்கார்ற இடம்தான் தேயும். என் பொண்டாட்டிக்கு மட்டும் முட்டி தேயுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டுவார்.

"உட்கார நேரம் இருந்தாத்தானே அங்க தேயும்" என்பாள் கோழி.

விதை எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அவள் விரலால்தான் அளப்பாள். நடுவிரலில் பாதி மண்ணுக்குள் மறைய வேண்டும். அங்கே விதை தட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் திட்டுவாள், மேலே நின்றால் அதைவிடத் திட்டுவாள். இருபது வருடம் அந்தப் பாதி விரல்தான் ஊருக்குச் சட்டம். அது பொய்த்ததே இல்லை, ஏனென்றால் மழை பொய்த்ததில்லை. அந்தக் காலத்து முதல் மழை சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பெய்யும். பயிரும் அப்படி ஒரு அடர்த்தி. ஒருமுறை பஸ்ஸில் போன ஒருவருடைய தொப்பி காற்றில் பறந்து வயலில் விழுந்தது. கதிர்கள் அதைக் கீழே விடாமல் தலைக்குத் தலை கைமாற்றி, அடுத்த நிறுத்தத்தில் பஸ் நிற்பதற்குள் கொண்டுபோய் அவரிடமே சேர்த்துவிட்டன.

பிறகு மழை அந்தப் பழக்கங்களை ஒவ்வொன்றாக விட்டது. முதலில் தாமதமாக வந்தது. பிறகு வந்ததும் வராததுமாகக் கிளம்பியது. கிணற்றில் வாளியை இறக்கினால் எதிரொலிதான் நிரம்பி மேலே வந்தது. கதிர் பிடிக்கும் நேரத்தில் அடுப்பு வாயில் நிற்பது போல ஒரு காற்று அடிக்கும். பால் கட்டின மணி அப்படியே சுருங்கிப் போகும். ஒரு வருடம் மூட்டை கட்டியபோது, வழக்கமான கனத்தை நினைத்து மூச்சைப் பிடித்துத் தூக்கிய ஆள், மூட்டை பஞ்சாக இருந்ததால் மல்லாக்க விழுந்தார். இடுப்பில் அடி. மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் ஆவதற்கு எதுவும் இல்லை.

எல்லோரையும்விட அதிகமாகக் காய்ந்தது கோழியின் அண்ணன் நிலம். ஊருக்குக் கிழக்கே, பஸ் ரோட்டை ஒட்டிய நிலம். அவள் விதைக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். அண்ணன் பேசுவதைச் சிக்கனமாகச் செய்கிறவர்; அந்த மிச்சத்தையெல்லாம் அவர் மனைவி செலவழிப்பார். அவர்களுடைய ஒரே மகள் நகரத்தில் வேலையில் இருந்தாள். வாரா வாரம் போனில், "எங்ககூட வந்துடுங்கப்பா. இங்க வெயில் வந்தா ஜன்னலைச் சாத்திட்டு உட்காரலாம்" என்பாள். ஜன்னலைச் சாத்திவிட்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் போன வருட விளைச்சலுக்குப் பிறகு அவர் மறுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

போன வருடம் நடந்தது இதுதான். மேல் மண் காய்ந்து கிடக்கும்போதே பாதி விரல் ஆழத்தில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம் இருந்ததை ஒரு தூறல் வந்து எழுப்பிவிட்டது. எழுப்பிவிட்டுப் போன தூறல் திரும்பி வரவில்லை. முளைத்ததெல்லாம் பச்சையாக நின்று, மஞ்சளாக நின்று, பிறகு நிற்கவே இல்லை.

அதைக் கேள்விப்பட்டுச் செங்கல் சூளைக்காரர் வந்தார். அவர் நிலத்தை வாங்கினால் மேல் மண்ணை வெட்டி எடுத்துச் செங்கல் அறுப்பார். அறுத்து முடித்த பிறகு அது நிலம் இல்லை, பள்ளம். ஆனால் மனிதர் தங்கமானவர். "அவசரமே இல்லைங்க. நீங்க மனசு வந்து சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு, மனசு வந்துவிட்டதா என்று பார்க்க வாரம் ஒருமுறை வருவார்.

"இந்த ஒரு விதைப்பு. இதுவும் போச்சுன்னா அவர்கிட்ட சரின்னு சொல்லிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவோம்" என்று அண்ணன் தங்கையிடம் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதைக் கேட்டே கோழிக்குப் பயம் வந்துவிட்டது.

விதைப்புக் காலம் வந்தது. மழை வரவில்லை. மண் மாவு மாதிரி இருந்தது. கோழி நிலத்தின் நடுவில் குந்தி, நடுவிரலைப் பாதி விட்டாள், சூடு. முழுதும் விட்டாள், நுனியில் குளிர்ந்தது. அப்படியே எழுந்து அண்ணன் வீட்டுச் சமையலறைக்குள் போனாள். அண்ணனும் அவர் மனைவியும் மேஜையில் உட்கார்ந்து பழைய விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கீழ ஈரம் இருக்கு அண்ணா. விரலை முழுசா விட்டா ஜில்லுங்குது."

"உன் விரல் ஜில்லுன்னு இருந்தா டாக்டரைப் போய்ப் பாரு. அதுக்கு ஏன் எங்க நிலத்தைக் குத்திப் பார்க்கற?" என்றார் அண்ணன் மனைவி.

"கேலி இருக்கட்டும் அண்ணி. மழை வந்து விதையைப் பார்க்கும்னு உட்கார்ந்திருக்கோம். அது வராது. நாம விதையைக் கொண்டுபோய் ஈரத்துல விடுவோம்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அரை விரலுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஊரையே மிரட்டி வெச்சிருக்கிறவ நீதானே?"

"அது மழை பெஞ்சப்போ சொன்னது."

"முளைக்குமா?"

"முளைக்கும்."

"தெரிஞ்சு சொல்றியா, தெரியாமச் சொல்றியா?"

"தெரியாமத்தான் சொல்றேன். ஆனா மேல விதைச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சே இருக்கு."

அண்ணன் ஒரு சொத்தை மணியைத் தரையில் போட்டார். "சரி."

அவ்வளவு ஆழத்துக்கு இறங்க விதைப்பு இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆழத்தை மாற்றும் கைப்பிடியில் அதற்குத் துளையே இல்லை. கோழி கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. "இதுக்கும் கீழ இறக்கினா விதை பூமிக்கு அந்தப் பக்கம் முளைக்கும்" என்று பட்டறைக்காரர் சொல்லிக்கொண்டே புதுத் துளை போட்டார்.

அன்றைக்குக் காலையில் அவள் வேறொரு சின்ன விதைப்பை முடித்திருந்தாள். அவள் கணவரின் தம்பி பால்காரர். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில், வைக்கோலுக்காக நெட்டைக் கோதுமை விதைப்பார். ஊரில் எல்லோரும் குட்டைக் கோதுமைக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. நெட்டை உயரமாக வளரும், மழையில் நனைந்தால் படுத்துக்கொள்ளும், மணியும் குறைவு. மாட்டுக்கு அது போதும். ஒரு விதைப்பு முடிந்ததும் விதைப்பெட்டியை அடிவரை துடைத்துவிட்டுத்தான் அடுத்த விதையைக் கொட்ட வேண்டும். இதைக் கோழி யாரிடமும் விட்டதில்லை. அன்றைக்குப் பட்டறை மத்தியானமே மூடிவிடும் என்ற அவசரத்தில் விட்டாள்.

"அண்ணி, நீங்க கிளம்புங்க. பெட்டியை நான் பளபளன்னு துடைச்சு வைக்கிறேன்" என்றார் பால்காரர். பாலில் தண்ணீர் கலந்ததே இல்லை என்று சத்தியம் செய்கிறவர் அவர். தண்ணீரில்தான் பாலைக் கலப்பார் என்பது ஊர்க் கணக்கு.

மறுநாள் கோழி ரோட்டோரத்தில் ஆரம்பித்து அண்ணன் நிலம் முழுவதையும் விரல் ஆழத்துக்கு விதைத்தாள். கிளறிப் பார்த்தாள், ஒவ்வொரு விதையும் ஈரத்தில் உட்கார்ந்திருந்தது. திருப்தியாக மூடினாள்.

முளை வர வேண்டிய நாள் வந்தது, போனது. பக்கத்து நிலங்களில் யாரும் இன்னும் விதைக்கவே இல்லை. இங்கே என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வேலியில் சாய்ந்து நின்றார்கள். பார்க்க எதுவும் இல்லை. நிலம் சவரம் செய்த முகம் மாதிரி இருந்தது. ஒரே ஒரு இடத்தைத் தவிர. பஸ் ரோட்டை ஒட்டி ஒரு பட்டை, விதைப்பு இயந்திரத்தின் அகலத்துக்கு, பச்சைப் பசேல் என்று வரிசையாக எழுந்து நின்றது.

டீக்கடையில் இதற்கு விளக்கங்கள் கிளம்பின. பஸ் ஹாரன் சத்தத்தில் விதை தூக்கம் கலைந்து எழுந்தது என்றார் ஒருவர். நான் கிளாஸ் கழுவி வீசுகிற தண்ணீர்தான் காரணம், அதில் சர்க்கரை இருக்கிறது என்று டீக்கடைக்காரர் உரிமை கொண்டாடினார். அவ்வளவு தூரம் தண்ணீர் வீச வேண்டுமென்றால் அவர் கை ஊர் எல்லை வரை நீண்டிருக்க வேண்டும். அவரும் நீளும் என்றுதான் சொன்னார்.

"கோழி விதைக்கலை. அடக்கம் பண்ணிட்டா" என்று ஒரு குரல் எழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

நிலத்தில் கோழி குந்தியிருந்தாள். மொட்டையாகக் கிடந்த நடுப்பகுதியில் அவள் தோண்டிய இடத்தில் விதைகள் செத்துப்போயிருக்கவில்லை. முளைத்திருந்தன. மேலே வரக் கிளம்பி, பாதி வழியில், இலைகள் மண்ணுக்குள்ளேயே விரிந்து, பைக்குள் திணித்த கைக்குட்டை போல மடிந்து கசங்கி, வெளுத்துக் கிடந்தன. அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். அண்ணன் வந்து பின்னால் நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"செத்துருச்சா?"

"இல்ல அண்ணா. வரப் பார்த்திருக்கு. வர முடியலை."

"சூளைக்காரர் வெள்ளிக்கிழமை வருவார்" என்றார் அண்ணன். "சொல்லிடப் போறேன். நீ மனசுல வெச்சுக்காதே. நானும்தான் சரின்னேன்."

அவர் திட்டியிருந்தால் கோழிக்குத் தேவலை. நல்லவிதமாகப் பேசினதுதான் தாங்கவில்லை. அவர் போன பிறகு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரோட்டோரப் பச்சையைப் பார்த்தாள். எழுந்து போய் அங்கேயும் கிளறினாள். அதே ஆழம், விரல் முழுதும். ஆனால் அங்கே மண்ணுக்குள் ஒரு நீளமான வெள்ளைத் தண்டு விதையிலிருந்து நேராக மேல்மட்டம் வரை வந்திருந்தது. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த விதைத் தோலைத் தேய்த்துப் பார்த்தாள். குட்டைக் கோதுமை மணி உருண்டையாக, வெளிர் நிறத்தில் இருக்கும். இது ஒடிசலாக, சிவப்பாக இருந்தது.

இந்தச் சிவப்பை எங்கே பார்த்தோம் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு முளையையும் ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். பால்காரர் கறந்துகொண்டிருந்தார்.

"தம்பி, அன்னிக்குப் பெட்டியைத் துடைச்சியா?"

"என்ன அண்ணி இப்படிக் கேட்டுட்டீங்க! இந்த மாட்டு மேல சத்தியமா துடைச்சேன்."

மாடு காலை உதறியது.

"அது மறுக்குது பாரு. ஒழுங்காச் சொல்லு."

"துடைச்சேன் அண்ணி. மேல துடைச்சேன்."

"அடியில?"

"அடியில எதுக்கு? அடி யாருக்குத் தெரியப் போகுது?" என்றவர், அவள் நின்ற தோரணையைப் பார்த்துப் பால்வாளியை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் விதை கிடந்துது. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அடிக்காதீங்க, கையில பால் இருக்கு."

அடி விழவில்லை. "உன் சோம்பேறித்தனத்தைக் கண்ணாடி போட்டு மாட்டணும்டா" என்று சொல்லிவிட்டுக் கோழி வேகமாகத் திரும்பிப் போனாள். அது திட்டா பாராட்டா என்று புரியாமல் பால்காரர் பாதி மாட்டைக் கறக்காமலே விட்டுவிட்டார் என்று கேள்வி.

தையல் கடையில் அந்த நேரம் வேளாண்மை அலுவலகத்துப் பெண் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் சின்னதாக்கத் தந்த மழைக்கோட்டை வாங்கிப் போக வந்திருந்தாள். அதுவரை அதற்குத் தேவையே வரவில்லை. கோழி ஈரத் துணியை வெட்டும் மேஜையில் விரித்து, இரண்டு முளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். தையல்காரர் பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்து அளந்தார்.

"இது கட்டை. அதுல பாதிதான் இருக்கு."

வேளாண்மைப் பெண் ஹெல்மெட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுக் குனிந்தாள். "அக்கா, முளைக்கு மேல இந்த உறை இருக்கு பாருங்க. மண்ணைக் குத்திக்கிட்டு வர்றது இதுதான். இலை இதுக்குள்ள பத்திரமாச் சுருண்டிருக்கும். உறை எங்க முடியுதோ அங்க இலை வெளிய வந்து விரியும்."

"சட்டைக் கை மாதிரின்னு சொல்லுங்க" என்றார் தையல்காரர். "நெட்டைக்கு முழுக்கை. குட்டைக்கு அரைக்கை."

"அதேதான்! அரைக்கை மண்ணுக்குள்ளேயே முடிஞ்சிருச்சு. இலை அங்கயே விரிஞ்சிருச்சு. அதுக்கு மண்ணைத் தள்ளத் தெரியாது."

"இருபது வருஷமா விதைக்கிறேன். இது எனக்குத் தெரியாதே" என்றாள் கோழி.

"எப்படித் தெரியும்? நீங்கதான் அரை விரலுக்குக் கீழ போனதே இல்லையே. பயிரோட உயரத்தைக் குறைச்சப்போ உறையும் சேர்ந்து குறைஞ்சுது. நான் படிச்சிருக்கேன். ஆனா நீங்க இப்படி விதைக்கப் போறீங்கன்னு எனக்கும் தெரியாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று அவள் உரிமையோடு கோபித்துக்கொண்டாள். "உடம்பு குட்டை, உறை நீளம்னு புது ரகமெல்லாம் வளர்த்துப் பார்த்துட்டுத்தான் இருக்காங்க. அந்த விதை நம்ம கைக்கு வர நாளாகும்."

"கீழ ஈரம் இன்னும் இருக்கு. இந்த வாரமே மறுபடி விதைச்சா?"

"நெட்டையையா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சம் பிந்திப் போச்சு. ஆனா விதைக்கலாம். நானா இருந்தா விதைப்பேன்."

வெள்ளிக்கிழமை கோழி போனபோது சூளைக்காரர் முன்னதாகவே வந்து, அண்ணன் வீட்டுக் கூடத்தில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனிதராக உட்கார்ந்திருந்தார். கோழி அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"நெட்டை படுத்துக்கும்" என்றார் கடைசியில். "மழையும் காத்தும் சேர்ந்து அடிச்சா எல்லாம் தரையில கிடக்கும். அதுக்குத்தானே ஊரே அதை விட்டுது."

"எந்த மழையில அண்ணா படுக்கும்? அந்த மழையை முதல்ல வரச் சொல்லு. வந்துதுன்னா ஒவ்வொரு பயிரா நானே நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, தலை சீவி விடறேன்."

சூளைக்காரர் சிரித்துவிட்டு, சிரிக்கக் கூடாது என்று இருமினார்.

"அதோட, மழையில்லாத இந்தக் காய்ச்சல்ல அது எங்க நெட்டையா வளரப் போகுது? வளர்ந்தா இடுப்பு வரைக்கும் வரும்."

"மணி குறைவு."

"குறைவுதான். இப்போ நிலத்துல எவ்வளவு இருக்கு?"

அண்ணன் ஜன்னல் வழியாக, ரோட்டோரத்துப் பச்சைப் பட்டை இருந்த திசையைப் பார்த்தார். அவருக்கு ஆசை வந்துவிட்டது என்பதும், ஆசைப்பட்டு மறுபடி ஏமாற அவருக்குத் தெம்பில்லை என்பதும் அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. மூன்று வருடம் தினமும் நிலத்துக்குப் போய்த் தினமும் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்த மனிதர்.

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். சூளைக்காரரின் கையிலிருந்த காலிக் கிளாஸை வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு இன்னொரு டீ போடட்டுமா? ஏன்னா, நீங்க இன்னும் ஒரு அறுவடை வரைக்கும் காத்திருக்கணும் போல இருக்கு."

"அவசரமே இல்லைங்க" என்றார் சூளைக்காரர், பழக்கத்தில். சொன்ன பிறகு வருத்தப்பட்டாரோ என்னவோ.

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே" என்றார் அண்ணன்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. வேண்டாம்னும் சொல்ல மாட்டீங்க. அதான் நான் சொல்றேன்" என்றார் மனைவி. "உங்க தங்கச்சி விதையைக் கொன்னுட்டான்னு ஊர் சிரிக்குது. அவளே மறுபடி வந்து நிக்கறா. அவளுக்கே வெட்கம் இல்லாதப்போ நமக்கு என்ன?"

"நல்லா சப்போர்ட் பண்றீங்க அண்ணி" என்றாள் கோழி.

நெட்டை விதை ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. மாடு வைத்திருந்தவர்கள் வீட்டுப் பரண்களில், பீப்பாய்களில், ஒரு வீட்டில் பழைய குளியல் தொட்டியில்கூட இருந்தது. பாவம் தீர்க்கப் பால்காரரே வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார். அறுவடையில் வைக்கோலாகத் திருப்பித் தருவதாகப் பேச்சு. கோழி இந்த முறை பெட்டியைத் தானே துடைத்தாள். ஒவ்வொரு விதைக்குழாயையும் கழற்றி வாயால் ஊதினாள். அந்த ஊதலில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கதவு சாத்திக்கொண்டது. ரோட்டோரப் பட்டையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற நிலத்தை மறுபடி கிளறி, விரல் முழுக்க ஆழத்தில் விதைத்தாள்.

விதைத்து முடித்து அவள் வழக்கம்போலக் குந்தப் போனபோது அண்ணன் தடுத்தார்.

"கிளறாதே."

"ஒரே ஒரு இடம் அண்ணா."

"ஒரு இடமும் வேண்டாம். ஒருதடவையாவது அதைத் தூங்க விடு."

அப்படி ஒரு தண்டனையை அவள் அனுபவித்ததில்லை. தினமும் காலையில் வந்து நிலத்தின் ஓரத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். விரல்கள் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும். வீட்டில் சாப்பிடும்போது தட்டில் சோற்றைக் கிளறி அடியைப் பார்ப்பாள். "அங்க ஒண்ணும் முளைக்காது" என்பார் தையல்காரர். அண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை. பஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கமாகப் போனார்.

முதலில் பார்த்தது அவர் மனைவிதான். துணி காயப்போட மாடிக்குப் போனவர், கையில் ஈரத் துண்டோடு அப்படியே நின்றார். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாத அளவுக்கு மெல்லியது. மேலேயிருந்து சாய்வாகப் பார்த்தால்தான் தெரிந்தது. மண் நிறத்தின் மேல் யாரோ பச்சைப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்து, முதல் வரிசைகளை முடித்துவிட்டு, அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க" என்று கூப்பிட்டார். அவர் வாழ்நாளில் ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது அன்றைக்குத்தான்.

அண்ணன் மாடிக்கு வந்து பார்த்தார். கீழே இறங்கினார். நிலத்துக்கு நடந்து போய், கையைக் கட்டிக்கொண்டு நின்ற தங்கையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவரே விரலால் மண்ணைக் கிளற ஆரம்பித்தார்.

அந்த வருடம் நடுவில் ஒரு நல்ல மழை வந்தது, ஒன்றே ஒன்று. ஒரு மூலையில் கொஞ்சம் பயிர் படுத்தது. பால்காரர் வந்து, "அண்ணி, தலை சீவலையா?" என்று கேட்டுவிட்டு ஓடினார். மற்றதெல்லாம் இடுப்புயரத்தில் நின்றது. அடுப்பு வாய்க் காற்று வந்தபோது, வேர் ஆழத்தில் இருந்ததாலோ என்னவோ, மணிகள் பாதியில் சுருங்கவில்லை. மூட்டை கட்டியபோது பழைய நாள் விளைச்சலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தூக்கிய ஆள் மல்லாக்க விழவில்லை. மூச்சு வாங்கி, இரண்டாவது முறை தம் பிடித்துத்தான் தூக்கினார். வீட்டுக்கும், அடுத்த விதைப்புக்கும், விற்கவும் இருந்தது. வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தவர்களில் மூன்று பேர் அடுத்த வருடத்துக்கு நெட்டை விதை கேட்டு வந்துவிட்டுப் போனார்கள்.

அண்ணன் மகளுக்குப் போன் செய்தார். "வர்றோம். நாலு நாள் இருப்போம். அதுக்கு மேல முடியாது, இங்க வேலை கிடக்கு" என்றார். மகள் அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, "அழறியா, சிரிக்கிறியா? ஒழுங்காப் பேசு" என்றார்.

அன்று சாயங்காலம் அறுத்த பயிரின் அடித்தாளுக்கு நடுவில் அவரும் கோழியும் நின்றார்கள்.

"அடுத்த வருஷம் முழுசும் நெட்டைதானே?" என்றார் அண்ணன்.

"முழுசும் வேண்டாம். நேரத்துக்கு மழை வந்துட்டா என்ன பண்ணுவ? மேட்டுல நெட்டையை ஆழமா விதைப்போம். பள்ளத்துல கொஞ்சம் குட்டையை மேலாக விதைச்சு வைப்போம்."

"மேட்டுலதான் காத்து. நெட்டையை அங்க வெச்சா விழும். பள்ளத்துல வை."

"பள்ளத்துல தண்ணி நிக்கும்."

"எந்தத் தண்ணி?"

"வந்தா நிக்கும்ல?"

"வந்தாத்தானே? விதைக்கிறது நீ. நிலம் என்னோடது."

"நிலம் உன்னோடதுதான் அண்ணா. மிஷின் என்னோடது. கையால விதைச்சுக்கிறியா?"

வீட்டு வாசலிலிருந்து அண்ணன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். இருவரும் திரும்பவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். கோழி காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து மேட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் அதைத் தன் காலால் அழித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷத்துச் சண்டையை அடுத்த வருஷம் போடக் கூடாதா?" என்று கத்திவிட்டு அவர் உள்ளே போனார். சாப்பாட்டை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வைத்தார். இந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது என்று அவருக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் தட்டில் மட்டும் போட்டுக்கொண்டு, கேட்டபடியே சாப்பிட ஆரம்பித்தார்.